ரூபி பாதியில் விட்ட ப்ரோகிராம்

என் ரூபிக்கு,

நம் ப்ரோகிராம் வேலை செய்துவிட்டது. இதை முதலில் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டியில் விஷவாயுவை அளக்கும் கருவி செய்யத்தானே ஆம்பூரில் இந்தச் சின்ன அறையைப் பிடித்தோம். சென்சார் அனுப்புவது பூஜ்யமும் ஒன்றுமான வெறும் பைட் வரிசை. வாயு அளவு, பேட்டரி, பழுது எல்லாவற்றையும் சில சில பிட்டுகளாக அதற்குள் நெருக்கி அடைத்திருப்பார்கள். அவற்றைப் பிரித்தெடுக்கும் சி மொழி வரிகளை ஒவ்வொரு சென்சாருக்கும் நான் கையால் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நீ என் கீபோர்டைத் தள்ளி வைத்தாய்.

“இன்னாக்கா இது, ஒவ்வொரு தடவையும் பிட்டை எண்ணிக்கிட்டு? ஒரு இடம் தப்பினா தொட்டியில எறங்குறவன் செத்துடுவான். எந்த பிட் எங்க இருக்குன்னு மட்டும் நாம சொல்லுவோம். கோட் வரியெல்லாம் ஒரு ப்ரோகிராமே எழுதிக் குடுக்கட்டும்.”

பாதி எழுதினாய். காய்ச்சல் என்று ஜோலார்பேட்டைக்கு உன் அம்மாவிடம், நீ கூப்பிடுகிறபடி அம்மியிடம், போனாய். அந்த மழைக்காலத்து டெங்கு உன்னைத் திருப்பி அனுப்பவில்லை.

மீதியைத் தொட எனக்கு வெகுநாள் மனம் வரவில்லை. புது சென்சாரில் வாயு அளவு ஒரே பைட்டில் அடங்கவில்லை. கொஞ்சம் ஒன்றில், மிச்சம் அடுத்ததில். நீ நிறுத்தியிருந்ததும் அந்த இடத்தில்தான். இரண்டு துண்டையும் நகர்த்திச் சேர்க்கும் வரிகளை உன் ப்ரோகிராம் தானாக எழுதும்படி செய்தேன். சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?

போன வாரம், அந்த ப்ரோகிராம் ஓடும் நம் கருவியை வைத்திருந்த மாதனூர் பக்கத்து ஒரு தொழிற்சாலையில் தொட்டிக்குள் பம்ப் அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் பஷீர் பாய் போன் செய்தார்.

“மேடம், ரெண்டு பேர் கயிறு கட்டி ரெடியா நின்னாங்க. மூடியைத் தொறந்ததும் கேஸ் ஜாஸ்தின்னு மிஷின் கத்துச்சு. யாரையும் எறங்க விடலை. சாயங்காலம் எல்லாரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ட்டாங்க.”

பிரியாணி வாங்கி வந்தேன். தனியாகச் சாப்பிட முடியவில்லை. பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். சந்தோஷத்துக்கும் துணை வேண்டியிருக்கிறது, ரூபி.

ஜோலார்பேட்டை போகும்போதெல்லாம் அம்மி கேட்கிறார், “என் பொண்ணு அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னாம்மா செஞ்சா?” பிட், பைட் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். உங்கள் பெண்ணால் இரண்டு பேர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். நிச்சயம் சொல்வேன்.

நீ அக்கா என்று கூப்பிட்ட,
செல்வி