மஞ்சள் சட்டைக்காரன்

யூனிஸ், லூசியானா
ஜனவரி 9, 2011

அன்பு நோரா,

உன் அப்பா காலமான பிறகு நீ ஒரு வரி எழுதவில்லை. கோபமில்லை, குறைதான். அவர் எடுத்த படச்சுருள்களையெல்லாம் நீயே பிரித்துப் பார்க்கிறாயாமே, பக்கத்து வீட்டுத் துரெல் சொன்னான்.

எங்கள் ஊர் மார்டி கிரா முகமூடித் திருவிழாவை அவர் எடுத்த படத்தின் கடைசியில் குதிரைமேல் நின்று ஆடுவானே, முகமூடியும் மஞ்சள் சட்டையுமாக, அவன்தான் என் மகன் ஆல்சிட். சட்டை நான் தைத்தது. அன்று சாயங்காலமே கடலில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு லாரி ஏறியவன், திரும்பி வரவேயில்லை. அவன் புகைப்படங்களைப் புயல் கொண்டுபோயிற்று. அந்த ஆட்டத்தை ஒரு புகைப்படமாக எடுத்து அனுப்பு, கல்லறையில் பதிக்க வேண்டும். முகம் தெரிகிற துண்டு இருந்தால் இன்னும் நல்லது.

உன் அப்பா வருஷாவருஷம் அந்தப் படத்தை நடன மண்டபத்தில் போடுவார். கோழியைத் துரத்திச் சேற்றில் விழும் பச்சைச் சட்டைக்காரன் துரெல். "உன் பிள்ளைக்கு ஒரு கோழி பிடிக்கத் துப்பில்லையே" என்று அவன் அம்மாவைச் சீண்டிச் சிரிப்பேன்.

ஆசீர்வாதங்களுடன்,
ஒடீல் அத்தை

ஜனவரி 27

அன்புள்ள ஒடீல் அத்தைக்கு,

முகம் கிடைக்கவில்லை. முகமூடி கழன்றால் கேமரா நிற்க வேண்டும் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒலிநாடா மட்டும் ஓடியிருக்கிறது. ஆல்சிட் பேசுகிறார்: "டேய் துரெல், சட்டைய மாத்திக்கலாம் வா. அம்மா கண்டுபிடிக்கிறாங்களான்னு பாப்போம். அடுத்த தடவ வரும்போது நானே சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காத."

அப்பா சிரிப்பதும் கேட்கிறது. கோழித் துரத்தலும் குதிரையாட்டமும் அதற்குப் பிறகு எடுத்தவை. இதை மறைத்து அந்தப் படத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள். ஒலிநாடாவின் நகலை அனுப்பட்டுமா?

உங்கள்
நோரா

பிப்ரவரி 11

நோரா,

துரெலைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எப்படி அத்த சொல்றது? மஞ்சச் சட்டையப் பாத்தாத்தான் உங்க முகமே தெளியுது" என்றான். உன் அப்பாவும் வருஷாவருஷம் என் மேஜையில் கம்போ சூப் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எல்லாருக்கும் என்மேல் இரக்கம். நீ ஒருத்தி உண்மையைச் சொன்னாய், உன்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

படமும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். கல்லில் பேர் மட்டும் இருக்கட்டும். இனி அந்தப் படத்தை இங்கே போடாதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

சேற்றில் விழுந்த பச்சைச் சட்டைக்காரன் எழுந்து நின்று கூட்டத்தில் யாரையோ தேடுவான். என்னைத்தான் தேடியிருக்கிறான். அந்த இடத்தில்தான் நான் எப்போதும் அதிகமாகச் சிரிப்பேன்.

ஒடீல்