ஐந்து பேர் இருந்த படம்

அன்புள்ள அக்கா,

இன்று எங்கள் பள்ளிக்கு ஒரு பெட்டி புதுப் பூப்பந்துகள் வந்தன. விளையாட்டு டீச்சர் வராந்தாவில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார். பந்தைச் சுற்றிய மஞ்சள் கம்பளியின் வாசனை எங்கள் வகுப்பு வரைக்கும் வந்தது. வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதற்குமேல் ஒரு வரிகூட எனக்கு மண்டையில் ஏறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நீ மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது உன் தோள்பையில் அடிக்கும் வாசனை அது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இன்றைக்கே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா மகள் என்றாலும் ஒரே வீட்டில்தான் வளர்ந்தோம். முன்கட்டில் நீங்கள், பின்கட்டில் நாங்கள், நடுவில் ராத்திரி தவிர மற்ற நேரமெல்லாம் தறிச் சத்தம். பந்து ஆடினால் சோறு கிடைக்குமா என்று கேட்ட தெருவில், பந்து ஆடியே வங்கியில் வேலை வாங்கியவள் நீ. காலையில் கவுண்டர், மத்தியானத்துக்கு மேல் மைதானம். எனக்கோ பந்து எந்தப் பக்கம் வருகிறது என்றே தெரியாது. ஒருமுறை என் கையில் மட்டையைக் கொடுத்து நிற்க வைத்தாய். பந்து நேராக வந்து மூக்குக்கண்ணாடியில் பட்டது.

"யேய் புக்கு, பந்து வந்தா படிக்கக் கூடாதுடி, அடிக்கணும்" என்றாய். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் நான் புக்குதான்.

அந்தப் படத்தை ஊரில் முதலில் பார்த்தவள் நான். நூலகத்தில் விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்தால், நீங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்று சிரிக்கிறீர்கள். வெளியூரில் கோப்பை வென்ற அன்றைக்கு நடந்த விருந்தில் எடுத்தது. நடுவில் நீ. ஐந்து பேர் கையிலும் உயர்த்திப் பிடித்த கண்ணாடி டம்ளர். நூலகரிடம் கெஞ்சிப் பேப்பரை வாங்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரமாகவே ஓடி ஓடி ஒவ்வொருவரிடமும் காட்டினேன்.

"அட, நம்ம பொண்ணு! இன்னாமா சிரிக்குது பாரு."

"அது இருக்கட்டும், கையில இன்னாது, கிளாஸா?"

"ஆமா. உள்ள கறுப்பா கீது."

"பேப்பர்ல எல்லாமே கறுப்பாத்தான்யா விழும்."

"பச்சத் தண்ணி கறுப்பா விழுமா? நீ குடிச்சதே இல்ல பாரு, உனக்குத் தெரியாது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் புரியாமல் சிரித்தேன் அக்கா. தெரு முழுக்க அந்தப் பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டியவள் நானேதான் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நாளில் அந்தச் சிரிப்பு பஜார் வரைக்கும் போய், "பீர் குடிக்கிற பொண்ணு" என்று திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பாராட்டு விழா நடக்க இருந்தது. நோட்டீஸ்கூட அடித்துவிட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவரான பட்டு முதலாளி, விழாவுக்காக லீவு போட்டுவிட்டு நீ ஊருக்கு வந்து இறங்கிய அன்று காலையிலேயே வீடு தேடி வந்தார். நல்ல மனிதர்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார்.

"எனக்கு உன்மேல சந்தேகம் இல்லம்மா. ஆனா ஊருன்னு ஒண்ணு கீதுல்ல? மேடை ஏறின உடனே, நான் குடிச்சது ஜூஸுதான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. சால்வையப் போட்டுடறோம். அதோட விஷயம் முடிஞ்சிது."

பெரியப்பா தறியை நிறுத்திவிட்டார். "சொல்லிடறேன்னு சொல்லேம்மா. அதுல இன்னா கஷ்டம் உனக்கு? இல்லன்னா ஆயுசுக்கும் இந்தப் பேரு போகாது."

"சாயங்காலம் உங்க கடைக்கு வந்து சொல்றேங்க" என்றாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'என் தமக்கையார் அருந்தியது பழச்சாறே என்பதை இதன்மூலம் உறுதிபடத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆரம்பித்து மூன்று பக்கம். தபாலில் போடுவதற்கு முன் உன்னிடம் கொண்டுவந்தேன். மெச்சிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ கிணற்றடியில் கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாய். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் படித்தாய்.

"நீ பாத்தியாடி, நான் ஜூஸு குடிச்சத?"

"பாக்கல. ஆனா உன்ன எனக்குத் தெரியும்க்கா."

சிரித்துவிட்டு, "அந்தப் படத்துல எத்தன பேரு?" என்றாய்.

"அஞ்சு."

"இந்த லெட்டர்ல?"

எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. "ஒருத்தர்" என்றேன்.

"எனக்கு ஜூஸுன்னு சொல்லிட்டா, அடுத்தது பக்கத்துல நிக்கறவ கிளாஸ்ல இன்னான்னு கேப்பாங்க. ஒருத்திக்கு வர்ற மாசம் கல்யாணம். இன்னொருத்திக்கு அப்பா இல்ல, அவ சம்பளத்துலதான் தம்பிங்க ரெண்டு பேரும் படிக்கறானுங்க. நான் மேடையில கை கழுவிகினு வந்துட்டா, அடுத்து அவ அவ ஊர்ல ஒவ்வொருத்தியும் மேடை ஏறணும். யாராவது ஒருத்தியால ஏற முடியாமப் போனா?"

அப்போது என் வாய் வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. யார் குடித்தது? உன் கிளாஸில் என்ன இருந்தது? நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. கடிதத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாய். "எழுத்து நல்லா இருக்குடி. உறுதிபடன்னு போட்டிருக்கே பாரு, ஜட்ஜே எழுதின மாதிரி கீது. கண்ணாடியப் போட்டுகினு வா, ஜல்தி. கடைக்குப் போலாம்" என்றாய்.

கடையில் நீ பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு இன்னும் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

"நான் இன்னா குடிச்சேன்னு மேடையில சொல்ல மாட்டேங்க. எப்படி ஆடினேன்னு கேளுங்க, சொல்றேன்."

"பிடிவாதம் பிடிக்காதம்மா. நீ சொல்லலன்னா ஊரு தானா ஒண்ண முடிவு பண்ணிக்கும்."

"பண்ணிக்கட்டுங்க. அது என் ஒருத்தி பேரோட போவட்டும்."

அவர் எழுந்து வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். ஆனாலும் விழா நடக்கவில்லை. மீந்துபோன நோட்டீஸ் கட்டு எப்படியோ நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அந்த வருஷம் முழுக்க உன் பெயருக்குப் பின்பக்கத்தில்தான் நான் அல்ஜீப்ரா போட்டேன்.

பெரியப்பா இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் தெருவில் யாரோ, "இன்னாய்யா, பொண்ணுக்கு சால்வை கிடைக்கலையாமே?" என்று கேட்டபோது, தறிக்குழியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சால்வைக்கா பஞ்சம்? நெய்யறதே நாமதான்" என்றார். நீ உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீரும் இருந்தது. நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நீ சனிக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்து வழியாக வந்தால் டீக்கடை வராது. நீ டீக்கடை வழியாகத்தான் வந்தாய். அங்கே பேச்சு நின்று, நீ தாண்டியதும் மறுபடி தொடங்கும். நீ நடையை எட்டிப் போடவும் இல்லை, மெதுவாக்கவும் இல்லை. உன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்த எனக்கு, பத்து கோப்பையைச் சுமந்து வருவது போல இருக்கும்.

பிறகு அந்த வெளியூர்ப் பயிற்சி முகாம். திரும்பி வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. முகாமில் குடித்த தண்ணீர் என்றார் டாக்டர். கீழாநெல்லி, பத்தியம், வேலூர் ஆஸ்பத்திரி என்று மூன்று வாரம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை அக்கா.

காரியத்தன்று உன் அணியிலிருந்து நாலு பேரும் வந்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாப்பாட்டுப் பந்தலில் இரண்டு பெண்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"காமாலை சும்மாவா வரும்? அந்த போட்டோ ஞாபகம் இல்ல?"

உங்கள் கேப்டன் அக்கா சட்டென்று எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் போய்ச் சொல்றேன். அன்னிக்கு யார் கிளாஸ்ல இன்னா இருந்துதுன்னு இன்னிக்கே சொல்லிடறேன். செத்தும் அவ இத தூக்கிகினு போவணுமா?"

நான் ஓடிப்போய் அவர் முந்தானையைப் பிடித்தேன். "வேணாங்கக்கா. அந்தப் படத்துல அஞ்சு பேரு இருக்கீங்க. உசுரோட இருந்தப்பவே அவ சொல்லல."

அவர் அப்படியே உட்கார்ந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கொஞ்சம் ஆறியதும் நான் எழுந்து வெளியே போனேன்.

"அக்காவுக்குத் தண்ணியாலதாங்க காமாலை வந்தது. முகாம்ல கூட இருந்தவங்க பாதிப் பேருக்கு வந்துது. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. எடுத்துவந்து படிச்சுக் காட்டட்டுமா?"

"ஐயோ, வேணாம்மா" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி விடவில்லை. "அப்போ அந்த போட்டோ?"

"அது அவங்க அஞ்சு பேரும் ஜெயிச்ச அன்னிக்கு எடுத்ததுங்க" என்றேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்த கேப்டன் அக்கா திரும்பி இறங்கி வந்தார். "யாருக்கும் வேணாம், உனக்காவது சொல்லட்டுமா கண்ணு?" என்று என் காதருகே குனிந்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

என்னை உனக்குத் தெரியும். பொட்டலம் கட்டிவரும் காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் கீழே போடுவேன். எதையும் தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனசு வராது. இந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளாமல் வைத்திருக்கிறேன் அக்கா. ஊரில் இன்னும் யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறேன். அது முழு உண்மை. அப்படிச் சொல்லும்போதெல்லாம் உன் அணியில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது போல இருக்கிறது.

உன்,
புக்கு