பொத்தானைத் தாண்டிய மச்சம்

என்னங்க,

கடைக்குக் கிளம்பிவிட்டேன். பள்ளிச் சீருடைகளை இன்றைக்குத் தைத்து முடிக்க வேண்டும். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

"உள்ளங்கால்ல மச்சம் இருந்தா ஊரெல்லாம் சுத்துவான். அதுக்குப் போய் டாக்டரா?" என்று நேற்று ராத்திரி முதுகைக் காட்டிப் படுத்துவிட்டீர்கள். விடிகாலையில் கால் மட்டும் போர்வைக்கு வெளியே வந்தது. அதே சட்டைப் பொத்தானை மச்சத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆறு மாதம் முன்பு வைத்துப் பார்த்தபோது மச்சம் அதற்குள் அடங்கியது. இன்றைக்கு ஒரு பக்கம் கோணலாக எட்டிப் பார்க்கிறது.

அப்புறம் கண்ணயர்ந்தேன். கனவில் நீங்கள் ஈர மணலில் நடந்து போனீர்கள். ஒவ்வொரு காலடியிலும் அந்தக் கறுப்புப் புள்ளி இருந்தது. நான் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் பொத்தான் வைத்து மூடினேன். பொத்தான் தீர்ந்துபோனது. நீங்கள் திரும்பிப் பார்க்கவேயில்லை.

தோல் டாக்டரிடம் இன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். "சீக்கிரம் காட்டினா சின்னதா வெட்டி எடுத்துடலாம்மா" என்றார் போனில் பேசிய நர்ஸ். பொத்தான் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதையும் காட்டுங்கள்.

சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

கிழிந்த சாக்ஸோடு போய் என் மானத்தை வாங்காதீர்கள்.

கோபம் தீரவில்லை என்றால் இன்னும் நாற்பது வருஷம் முதுகைக் காட்டியே படுங்கள். எனக்குச் சம்மதம்.