கீழே எழுத்து ஓடும் படங்கள்

ஜனவரி 22, திங்கள்

இன்றும் மத்தியானம் மூன்று மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். எந்த நாடென்று தெரியவில்லை, பனி கொட்டுகிறது. ஒரு கிழவி கொடியில் துணி காயப்போடுகிறாள். காயப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த மனுஷன் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து நான் கண்டதில்லை. தியேட்டரில் இடைவேளை விட்டதும் பட்டறைக்கு போன் போடுவார், அதோடு வெளியே போனவர் திரும்ப மாட்டார். பொங்கல் முடிந்ததிலிருந்து பட்டறைக்குப் போவதே இல்லை. "இனி நவநீத் பாத்துக்கட்டும்" என்று மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். பம்பு உதிரிபாகம் தவிர வேறு நினைப்பில்லாத பாலகோபால் மத்தியானம் வீட்டில் இருக்கிறார் என்றால் பெரியநாயக்கன்பாளையத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

"உடம்பு சரியில்லீங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கறேன் அம்மணி. கொஞ்ச நாளைக்கு நல்ல படமாப் பாக்கலாம்னுதான்."

நல்ல படமாம். அந்தக் கிழவியா?

ஜனவரி 25, வியாழன்

பாப்பா தூங்குகிறாள், சத்தத்தைக் குறையுங்க மாமா என்று மருமகள் தேஜஸ்ரீ சொன்னாள். குறைத்தார். குறைத்ததென்றால், எறும்புக்குக்கூடக் கேட்காத அளவுக்கு.

இவ்வளவு மெதுவாக வைத்துக்கொண்டு என்ன கேட்கிறார்? சமையலறையில் நானும் தேஜஸ்ரீயும் பேசுவதையா?

பிப்ரவரி 9, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். சமையலறையில் நின்று, ஹாலுக்கு நன்றாகக் கேட்கும்படி, "மாமாவோட தங்கச்சி அடுத்த மாசம் பூரா இங்கதான் தங்கறாங்களாம்" என்றேன். பொய்தான். தங்கச்சி என்றால் அவருக்கு வேப்பங்காய். தேஜஸ்ரீ முழித்தாள்.

அவர் முகத்தில் ஒரு அசைவில்லை. எத்தனை கெட்டிக்காரர்!

மார்ச் 5, செவ்வாய்

இவரைக் கவனிப்பதற்காகவே பக்கத்தில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் படங்கள் வருகிற ஒரு ஆப்பை நவநீத் எப்போதோ டிவியில் போட்டுவைத்தான். அதிலிருந்துதான் எல்லாம், கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தோடு.

இன்றைய படம் ஒரு மலைநாட்டில் நடக்கிறது. புருஷன் செத்த ஒருத்தி ஒரு ஆட்டை ஓட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். ஆட்டுக்கு இடமில்லை என்கிறான் டிரைவர். இவள் இறங்க மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. பஸ் மொத்தமும் அவர்கள் இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில் டிரைவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் கம்பளியை எடுத்து ஆட்டின் மேல் போடுகிறான்.

கீரை அப்படியே கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நல்லா இருந்துச்சில்ல?"

நல்லா இருந்தது. அதை எதற்கு நான் இவரிடம் ஒத்துக்கொள்ள வேண்டும்? வேவு பார்க்கப் போனவள் படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வெட்கம்.

ஏப்ரல் 9, யுகாதி

என் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். வீடு முழுக்க ஒரே பேச்சு, பாதி தெலுங்கு பாதி தமிழ். சாப்பிடும்போது தம்பி இவரிடம், "பட்டறைய யாருக்காச்சும் குடுத்தரலாம்னு இருக்கறீங்களா மாமா?" என்று கேட்டான்.

"அருமையா இருக்குது. இன்னும் ரெண்டு வை" என்றார் இவர், போளியைக் காட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகக் கேட்ட கேள்விக்கு எவ்வளவு சாமர்த்தியமாக நழுவுகிறார்! சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். ஒறம்பரை வந்த தம்பி குடும்பம் கிளம்பும் வரை இறங்கவில்லை.

என்னமோ இருக்கிறது.

மே 16, வியாழன்

இன்று சண்டை. பழைய தமிழ்ப் படம் ஒன்று போட்டிருந்தார். அதற்கும் கீழே இங்கிலீஷ் எழுத்து.

"தமிழ்ப் படத்துக்கு எதுக்குங்க இங்கிலீஷு?"

"எப்பிடி மொழிபெயர்த்திருக்கறான்னு பாக்கறேன்."

"நீங்க பம்பு செய்யறவரா, வாத்தியாரா?"

படத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எழுத்தை எடுக்கவும் இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் நாளைக்கும் மூன்று மணிக்குப் போய் உட்காருவேன், அது எனக்கே தெரியும். போன வாரம் பார்த்த படகுப் படம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே படகுக்கு ஆளுக்கொரு பக்கம் வர்ணம் அடிக்கிறார்கள். இதுவரை பார்த்ததில் அதுதான் எனக்குப் பிடித்தது. கிழவியைக்கூட மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு துணியாகக் காயப்போடும்போது அவள் யாரையோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

அவர் குளிக்கப் போயிருந்தார். போன் மேஜையில் இருந்தது. தானாக வெளிச்சம் வந்தது. நான் எடுக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

"அடுத்த புதன் பதினோரு மணிக்கு வந்துடுங்க சார். வீட்ல இன்னும் சொல்லலையா? சொன்னா உங்களுக்குத்தான் ஈஸி. - மெர்சி."

யார் இந்த மெர்சி?

வீட்ல என்ன சொல்லோணும்? என்கிட்ட என்னத்தச் சொல்லோணும்?

ஜூன் 19, புதன்

பின்னாலேயே போனேன். எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனாலும் போனேன். அவர் பஸ் ஏறியதும் ஒரு ஆட்டோ பிடித்தேன். "அந்த பஸ் பின்னாலயே போங்க" என்றதும் டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

சாய்பாபா காலனியில் இறங்கினார். கீழே பேக்கரி, மேலே மாடி. மாடியில் இருக்கிற பெயர்ப்பலகைகளை ஒரு வேப்பமரம் மறைத்திருந்தது. படியேறிப் போனார். நான் பேக்கரியில் ஒரு டீயை வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை படியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

இறங்கி வந்தார்கள். ஆமாம், இரண்டு பேராக. நம் தேஜஸ்ரீ வயதுதான் இருக்கும் அவளுக்கு. வாசலில் அவருக்கு நேர் எதிரே நின்று, முகத்துக்கு முகம், அத்தனை கிட்டத்தில், மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். இவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை அப்படி அவர் கடைசியாகப் பார்த்தது எப்போது?

அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவள் மேலே போனாள். நான் பேக்கரியின் பிஸ்கட் ஜாடிகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூன் 20

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 3, புதன்

நவநீத்திடம் சொல்லிவிட்டேன். தாங்க முடியவில்லை.

"அப்பாவா? அட சும்மா இருங்கம்மா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா ஒன்னும்மா. பொங்கலுக்கு முன்னால பட்டறைல அப்பாவுக்கும் மனோஜ்குமாருக்கும் என்னமோ ஆயிருக்குது. நான் அன்னைக்குச் சென்னைல இருந்தேன். கேட்டா ரெண்டு பேருமே வாயத் தொறக்க மாட்டீங்கறாங்க" என்றான்.

மனோஜ்குமார் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர், இவருக்கு வலது கை. அவருக்கும் தெரியும். அந்த மெர்சிக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சந்தையிலிருந்து வந்தேன். ஹாலில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு ஊரில் கல்யாணம், பந்தலில் நான்கைந்து பேர் பிடில் வாசிக்கிறார்கள், எல்லோரும் ஆடுகிறார்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

டிவியின் மூலையில் ஸ்பீக்கர் அடையாளத்தின் மேல் கோடு போட்டிருந்தது. பாப்பாவைத் தூங்கவைக்கும்போது தேஜஸ்ரீ சத்தத்தை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

என் நிழலைப் பார்த்துத் திரும்பினார். சிரித்தார். "இந்த பிடில் சத்தத்தக் கேளு அம்மணி. என்னமா வாசிக்கறான்!"

நான் அவரையே பார்த்தேன். விளையாடுகிறாரா? இல்லை. திரும்பவும் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், தலையை ஆட்டி ஆட்டி.

"ஆமாங்க" என்றேன்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். "ஏனுங்க" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "ஏனுங்க!" உள்ளே பாப்பா முழித்துக்கொண்டு வீறிட்டாள். தேஜஸ்ரீ ஓடினாள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், இல்லாத பிடிலுக்கு.

அட கடவுளே. நான் என்னென்னவெல்லாம் நெனச்சுப்போட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று மணிக்கு டிவியை அணைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முகத்துக்கு முகம்.

"எத்தன நாளாக் கேக்கறதில்லீங்க?"

அணைந்த டிவியைப் பார்த்தார். பிறகு, "வலது காது போய் மூனு வருசமாச்சு. எடது, போன தீவாளியோட" என்றார். ரகசியம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்றுகூட அவருக்கு நிச்சயமில்லை போல. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு இத்தனை நாள் சமாளித்தாராம்.

பொங்கலுக்கு முன்னால் கிரேனில் ஒரு கனமான இரும்பு வார்ப்பு ஏறிக்கொண்டிருந்ததாம். சங்கிலி நழுவியிருக்கிறது. நகருங்க நகருங்க என்று மனோஜ்குமார் கத்தியிருக்கிறார். இவர் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு வேறொருவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மனோஜ்குமார் ஓடிவந்து தள்ளியதில் அவருடைய தோள்பட்டை பிசகிவிட்டது. இவர் பிழைத்தார்.

"ரெண்டு கொழந்தைக்காரன். எனக்காக அவன் போயிருந்தான்னா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி பட்டறைல நிக்கக் கூடாதுன்னு. யார்கிட்டயும் சொல்லாதன்னு அவனக் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

"சரி. என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"எங்க அய்யனுக்கு இப்படித்தான் ஆச்சு. மொதல்ல எல்லாரும் சத்தம் போட்டுப் பேசுனாங்க. அப்பறம் அவசியமானது மட்டும். கடைசில யாருமே பேசறதில்ல. சோறு வெப்பாங்க, எடுப்பாங்க, அவ்வளவுதான். நீயும் அப்பிடி ஆயிட்டீன்னா?"

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்தப் படம்னா எல்லாரும் ஒன்னு அம்மணி. கீழ ஓடற எழுத்த எல்லாருமே படிச்சுத்தான் ஆகோணும். அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு எதுவும் கொறையா இருக்கறதில்ல."

மெர்சி காதுக்கு மெஷின் பொருத்துகிற பெண்ணாம். மெஷினும் வாங்கியாயிற்றாம். போட்டால் உலகமே தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறதென்று பீரோவில் வைத்துவிட்டாராம்.

நானும் சொன்னேன். பின்னால் போனது, பேக்கரி, எல்லாம். முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"என்னயச் சந்தேகப்பட்டியா?"

"ஆமாங்க."

எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11

இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நியாயம்தான். ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது. யாரோ ஒரு பெண்ணிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 12

மூன்று மணிக்குத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியையும் போட்டு வைத்திருந்தார். போய் உட்கார்ந்தேன். படம் சுமார்.

ஆகஸ்ட் 21, புதன்

நானும் கூடப் போனேன். மெர்சி நல்ல பெண். "பழகற வரைக்கும் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரிதான் மோதும் சார். தினமும் கொஞ்ச நேரம் போடுங்க. ஆன்ட்டி, நீங்க கத்த வேண்டாம், முகத்தைப் பார்த்து நிதானமா பேசுங்க, போதும்" என்றாள். பேக்கரியில் என்னைப் பார்த்ததாக அவள் சொல்லவில்லை. பார்த்திருப்பாளோ? பார்வை அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நவநீத்திடம் அவரே சொன்னார். அவன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அக்டோபர் 4, வெள்ளி

மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டே பழகிவிட்டார். குக்கர் விசில் அடித்தால் துள்ளுகிறார். "இந்த ஊடு இத்தன சத்தமாவா இருந்துச்சு?" என்று என்னைக் குற்றம் சொல்கிறார். இன்று நவநீத் அவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனான். கிரேன் பக்கம் போக மாட்டேன், அலுவலக அறையில்தான் இருப்பேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு நான் மட்டும் உட்கார்ந்தேன். ஒருத்தி ரயிலைத் தவறவிட்டு, ஒரு நாள் முழுக்க அந்த ஸ்டேஷனிலேயே இருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை. படகுப் படத்தைவிட இது ஒரு படி மேல்.

டிசம்பர் 15, ஞாயிறு

பட்டறை லீவு. பழைய தெலுங்குப் படம் ஒன்று கிடைத்தது. எழுத்து எதுவும் இல்லை. மெஷின் போட்டும் டிவிப் பேச்சு அவருக்கு முழுசாகப் பிடிபடுவதில்லை. வேறு போடட்டுமா என்றேன். "இருக்கட்டும், போடு" என்றார்.

முதல் காட்சியிலேயே, "என்ன சொன்னான்?" என்று கேட்டார். நிறுத்திச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும், "இப்ப அவ என்ன சொன்னா?" நிறுத்தினேன், சொன்னேன். நாயகி அழும்போது கேட்டார், வில்லன் சிரிக்கும்போது கேட்டார். புரிந்த மாதிரி தலையை ஆட்டவே இல்லை. ஒரு இடத்தில் எனக்கே சரியாகப் புரியவில்லை. இரண்டு பேரும் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டோம். தேஜஸ்ரீ காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டரை மணி நேரப் படம். முடியும்போது வெளியே இருட்டிவிட்டது.