ஐந்து கட்டையில் நான் வைத்த சுருதி

உழவர்கரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வெற்றிவேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாலாவும் அந்த மாண்ட்ரியல் குளிரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் "வுடும்மா, பழசெல்லாம் எதுக்கு இப்ப" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொல்வாய், அவர் முட்டிவலியை எடுத்து வைத்தால் அதோடு பேச்சு முடிந்தது. உன்னிடம் பதினோரு வருடமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன் வெற்றி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் உனக்குக் கோபம் வரும். வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் அப்பாவைக் கண் காட்ட கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்தில் சீட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரை இன்னும் முற்றவில்லையாம், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். மனுஷன் டாக்டரிடம் கண்ணைப் பற்றிப் பேசாமல் வரிசையில் யாரோ முந்திப் போனதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு மானம் போனது. அக்கா பூர்ணிமாவின் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அந்த வாயோடு போனில் உன்னிடம் பேச வெட்கப்படுகிறான். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது. அப்பா பச்சைதான் வேண்டும் என்றார், பச்சை அடித்தால் நான் உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாமான் எல்லாம் கூடத்தில் கிடக்கிறது, உட்கார இடமில்லை, சமையலறை மேடையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

புதன்கிழமை மாலா போன் செய்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் பிறந்தநாளுக்கு ஒரு கிட்டார் வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு நீ அவள்மேல் எரிந்து விழுந்தாயாம். அங்கே தமிழர்கள் வைக்கிற பொங்கல் விழாவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாயாம். "ஏன் அத்தை, இவருக்குக் காதே கெடையாதாமே, நீங்களே கல்யாணத்துல மைக்ல சொன்னீங்களாமே" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அப்புறம்தான், நீங்கள் மெட்ரோவுக்குப் போகிற வழியில் ஒரு வாத்தியக் கடை இருக்கிறது, அதன் கண்ணாடிக்கு முன்னால் நீ தினமும் நிற்கிறாய், ஒருநாளும் உள்ளே போனதில்லை என்று சொன்னாள். எதையோ சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பூர்ணிமா கல்யாண வரவேற்பை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் பஜனையை நடத்துகிற செந்தமிழ்ச்செல்வி அக்காவும் எங்கள் கூட்டமும் முதலில் நாலு பாட்டுப் பாடினோம். அடுத்து நீ. புது ஜிப்பா போட்டுக்கொண்டு கிட்டாரோடு வந்து உட்கார்ந்து என் சுருதிப் பெட்டியை அணைக்கக் கையை நீட்டினாய். நான் உன் கையைப் பிடித்துத் தடுத்தேன். "மங்கல காரியம் நடக்குது, நடுவுல சுருதிய நிறுத்தக் கூடாதுடா, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றேன். எங்கள் பஜனையில் அப்படித்தான் பழக்கம், தொடங்கின சுருதி கடைசி ஆரத்தி வரைக்கும் ஓடும். நீ "அம்மா, இதுக்கு அது ஒத்துக்காதும்மா" என்றாய். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்டபம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது, நீயும் வேறு வழியில்லாமல் வாசிக்க ஆரம்பித்தாய். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒவ்வொரு அடியும் 'ரி'யில் போய் நின்றது, 'ஸ'வுக்குத் திரும்பவே இல்லை, பெட்டி ஒரு பக்கம் இழுக்க நீ ஒரு பக்கம் போனாய். செந்தமிழ்ச்செல்வி அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அதுதான் என்னைக் கெடுத்தது. மைக்கை வாங்கி, "பையனுக்குக் காது பத்தலீங்க, பெரியவங்க மன்னிச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எழுந்து போய்ப் பந்தியில் இலை போட நின்றுகொண்டாய். திரும்பி வரும்போது வேனில் அப்பா, "ஏன் கமலா, நல்லாத்தான இருந்துச்சி" என்றார். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரையும் கத்தினேன். அப்புறம் எங்கே போனாலும் அதை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பெற்ற பிள்ளையைப் பற்றி.

அதே புதன்கிழமை வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது உன் கிட்டாரும் கூடவே ஒரு நோட்டும் வந்தது. அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. கம்பி கம்பியாகக் கோடு போட்டு, விரல் வைக்கிற இடத்தில் புள்ளி வைத்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா கல்யாணம். அம்மா பாடுற அதே ஏழு ஸ்வரம், ஆனா வீடு ரி. நான் முடிச்சதும் அம்மா அப்படியே ஸ பிடிச்சு பாட ஆரம்பிக்கலாம்." அதன் கீழே சிவப்பு மையில், "வாசிக்கும்போது மட்டும் சுருதிப் பெட்டியை நிறுத்தணும்." எனக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. எனக்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறாய் என்பது மட்டும் புரிந்தது. மறுநாளே நோட்டையும் சுருதிப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு சாரத்தில் இருக்கிற உன் கிட்டார் வாத்தியார் ஜாகிர் சார் வீட்டுக்குப் போனேன்.

அவர் இன்னும் மாடியில்தான் வகுப்பு எடுக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது, இருந்தாலும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நோட்டைப் பிரித்துக் கொடுத்து, இது என்னவென்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் சார் என்றேன். நீ வைத்த புள்ளிகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கிட்டாரை எடுத்தார். உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், மூணு நாலு கம்பியைச் சேர்த்து வறட்டு வறட்டென்று இழுக்கிறதெல்லாம் சங்கீதமா என்று. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு ஸ்வரத்தில் ஒன்றை விட்டு ஒன்று எடுத்துச் சேர்த்து மீட்டினால் அது ஒரு கார்டு. ஸ, க, ப சேர்ந்தால் மேஜர், முகம் மலர்ந்த மாதிரி கேட்கிறது. அதே ஏழுக்குள் ரி, ம, த எடுத்தால் மைனர், கொஞ்சம் மனசு கனத்த மாதிரி. நீ அன்றைக்கு அந்த மைனரில் போய்ப் போய் உட்கார்ந்திருக்கிறாய். "ஏழும் அதே ஏழுதாம்மா. எதுல வந்து உக்கார்றோமோ அதான் ஊடு. ஊட்ட மாத்தினா கேக்குறதே வேறயாயிடும்" என்றார். மேலை சங்கீதத்தில் அதற்கு மோடு என்று பேராம்.

அப்புறம் என் சுருதிப் பெட்டியை நான் எப்போதும் பாடுகிற உயரமான ஐந்து கட்டையிலேயே ஓடவிட்டு நீ எழுதியிருந்ததை வாசித்தார். கல்யாணத்தில் கேட்ட அதே கோரம். உடம்பு கூசியது. "இப்ப ஆறு கட்டைக்கு ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். வெறும் ஒரு கட்டைதான் வெற்றி. அவர் ஒரு விரலையும் மாற்றவில்லை, நோட்டில் ஒரு புள்ளியும் மாறவில்லை. சங்கராபரண ராகமாகக் கேட்டுக் கேட்டு நான் அபஸ்வரம் என்றது அப்படியே கரகரப்பிரியாவாக எழுந்து நின்றது. அத்தனை அழகு. முடிகிற இடத்தில் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒரு ஸ்வரத்தை விட்டு இன்னொரு ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தால் ராகமே மாறும், அதற்குக் கிரகபேதம் என்று பெயர், இதை நானே பாட்டுப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். என் பிள்ளை கண்ணெதிரில் அதைச் செய்தபோது எனக்குத் தெரியவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லையடா. தப்பு நான் ஓடவிட்ட பெட்டியில்தான்.

இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். தெரிந்தே செய்தது ஒன்று இருக்கிறது. கல்யாணம் முடிந்த நாலாம் நாள், நீ பூர்ணிமாவை அவள் மாமியார் வீட்டில் விடப் போயிருந்தாய், அப்பா கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். ஜாகிர் சார் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது, அன்றைக்கு அவர் வெளியூரில் கச்சேரிக்குப் போயிருந்தார். சென்னையில் ஒரு சங்கீதக் கல்லூரியில் உனக்காகப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். "திங்கக்கெழம நானே அழைச்சிக்கிட்டுப் போறேன், பையன மட்டும் அனுப்புங்க. பதினெட்டு வருஷமா சொல்லிக் குடுக்கறேன், இவன மாதிரி காது உள்ள பையன் எங்கிட்ட வந்ததில்லம்மா" என்றார். காது என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. இவர் சொல்வது நிஜமென்றால், நானூறு பேருக்கு முன்னால் மைக்கில் நான் சொன்னது என்னாவது? செந்தமிழ்ச்செல்வி அக்காவுக்கு முன்னால் என் முகத்தை எங்கே வைப்பது? உன் எதிர்காலத்துக்குப் பயந்து செய்தேன் என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கௌரவத்துக்குத்தான் பயந்தேன். "அவனுக்கு இஷ்டமில்லீங்க சார். கிட்டாரே வேணாம்னுட்டான். ஒங்ககிட்ட நேர்ல சொல்ல சங்கடப்பட்டுக்கிட்டு என்னச் சொல்லச் சொன்னான்" என்றேன். அவர் எழுந்துவிட்டார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். நீயும் வெட்கத்தில் அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை, அவரும் நான் சொன்னதை நம்பிவிட்டார். நீ பி.காம். சேர்ந்தாய். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அந்த மாடியில் வைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலாம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் அவனுக்குச் சரியா சொல்லிக் குடுக்கல போல, அதான் வேணாம்னுட்டான்னு நெனச்சேம்மா" என்றார். பிறகு, "ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல எதுக்க வந்தான். சார்னு கூப்ட்டான். காதுல வுழாத மாதிரி போயிட்டேன்" என்றார். அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து, "சார் என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போறாரும்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கவனித்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு உனக்குத் தோசை ஊற்றினேன். அந்தத் தோசையை எப்படி ஊற்றினேன் என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உனக்கு மனசு வந்தால் பார்த்துக்கொள், வராவிட்டாலும் நியாயம்தான். வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மனுஷன் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை என்று எழுதலாம் என்றால் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே செந்தமிழ்ச்செல்வி அக்கா வீட்டுக்கும் போய், அன்றைக்குத் தப்பு என் மகன்மேல் இல்லை, என்மேல்தான் என்று பஜனைக்கு வந்திருந்த எல்லோரும் கேட்கச் சொன்னேன். மைக் இல்லை, பதினெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேரையும் பார்க்கப் பார்க்கச் சொல்வேன்.

மாலாவிடம் கோபித்துக்கொள்ளாதே, நல்ல பெண். அவளிடமும் இதைப் படித்துக் காட்டு, மாமியாரைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள், பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மன் அருளால் நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு.

ஜாகிர் சாரின் போன் நம்பரைப் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன். எங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவருக்கு வகுப்பு இல்லை, அப்போது உனக்குக் காலை நேரம். வியாழக்கிழமையிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாராம், அவர் சம்சாரம் சொன்னார்கள். முதலில் அவரிடம் பேசு. என்னிடம் எப்போது பேசுவது என்பதை நீ பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கமலா சக்கரபாணி