பென்சிலால் வரைந்த பொத்தான்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் பாதி நலம். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய், சொன்னால் நீ சிரிப்பாய், நான் சிரிப்பேன், விஷயம் பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம். விஷயம் இதுதான், டிக்கெட் எடுத்துவிட்டேன்! அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி உன் ஊரில் வந்து இறங்குகிறேன். இரண்டு முறை வருகிறேன் என்று சொல்லி, இரண்டு முறையும் வேலை என்று நிறுத்தியவள்தான் நான். போன தடவை நீ, "வேலை குடுக்கிறவங்ககிட்ட முடியுறதை மட்டும்தான் சொல்ற, என்கிட்ட மட்டும் கண்டிப்பா வரேன்னு சொல்லி ஏமாத்துறியேம்மா" என்றாய், அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இந்த முறையும் நின்றுபோக இருந்தது, எப்படித் தப்பியது என்று கேள்.

சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் ஒற்றை அறை ஆபீஸில் மொத்தமே மூன்று பேர் என்று உனக்குத் தெரியும், நான், வாயைத் திறக்காத மௌனச்சாமி, வாயை மூடாத அவசரக்குடுக்கை. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் புது ஆஸ்பத்திரி திறக்க இருந்தார், அதற்குத்தான் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். மாதிரி காட்டச் சொன்னால் நம் அவசரக்குடுக்கை முன்பதிவு, பில், மருந்துக் கணக்கு, நாய்க்குட்டி போட்டோ என்று எல்லாவற்றுக்கும் அழகழகாகப் பொத்தான் வைத்துக் காட்டிவிட்டான். பின்னால் ஒன்றும் கிடையாது, வெறும் படம். டாக்டர் தட்டித் தட்டிப் பார்த்துச் சொக்கிப்போய், எல்லாம் தயார், திறப்பு நாளிலேயே ஓடும் என்று ஊழியர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதற்குள் முன்பதிவு மட்டும்தான் எங்களால் முடியும். எல்லாம் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நான் அங்கே இங்கே நகர முடியாது, உன்னைப் பார்ப்பது மூன்றாம் முறையும் கோவிந்தா. அவசரக்குடுக்கையோ, "இப்ப சரின்னு சொல்லிடலாம்க்கா, அப்புறம் சமாளிச்சுக்கலாம்" என்கிறான். அவனைச் சமாளிப்பதே எனக்குப் பெரும் பாடு.

பென்சிலை எடுத்தேன். எல்லாத் திரைகளையும் வெள்ளைத் தாளில் மறுபடி வரைந்தேன், திறப்பு நாளில் வேலை செய்யப்போவது மட்டும் பேனாவில், மற்றதெல்லாம் பென்சிலில். என் கை உனக்குத் தெரியுமே, கோழி கிண்டியதுபோல இருந்தது. அழகாக இருந்தால்தானே முடிந்துவிட்டது என்று நினைப்பார்! மௌனச்சாமி அதைப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். டாக்டர் மேஜையில் கொண்டுபோய் விரித்து, பேனாவில் இருப்பதுதான் வரும், பென்சில் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகு வரும், எது முதலில் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். மனிதர் கடித்துவிடுவார் போலிருந்தது, வெளியே காத்திருந்த நாய்களே தேவலை. என் பென்சிலை வாங்கி நாய்க்குட்டி போட்டோவை அவரே அடித்துவிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி நானும் இதைத்தானே சொல்றேன், நாயோட காலைக் காப்பாத்துவேன், பழையபடி ஓடுமான்னு மட்டும் கேக்காதீங்கன்னு" என்று சிரித்துவிட்டார். அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், நடுவில் ஒரு பூனை இருந்தது.

திறப்பு நாளில் முன்பதிவு எங்கும் திக்காமல் ஓடியது. ஒரே கோளாறு உன் அப்பா. சோதித்துப் பார்க்கச் சொன்னதற்கு, இல்லாத கிளிக்கு ஜலதோஷம் என்று பதிவு செய்து, அழிக்காமலே விட்டுவிட்டார். டாக்டர் கிளிக்காகக் காத்திருந்து எனக்கு போன் செய்தார். நான் என்ன சொல்ல, குணமாகிவிட்டது என்றேன். மறுநாளே டிக்கெட்.

இனி உனக்கும் அதே நியாயம்தான். பத்து நாள்தான் இருப்பேன், பதினோராம் நாளைக் கேட்காதே. தினம் ஒரு வேளை சமைப்பேன், பாத்திரம் தேய்க்க மாட்டேன். மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லாமலிருக்க முயல்கிறேன். அப்பா இந்த முழங்காலோடு வரமாட்டார், அவருக்கும் சேர்த்து ஆசை வைத்துக்கொள்ளாதே.

இருவரும் நோய்நொடி அண்டாமல், சிரித்த முகமாக நீண்ட நாள் வாழுங்கள். மறந்துவிடாதே, விமானம் எப்படியும் தாமதமாகும், பசியோடு வந்து நிற்காமல் சாப்பிட்டுவிட்டு வா. உன்னைக் கண்டதும் அத்தனை பேர் நடுவில் அழாமல் இருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே, அதற்கு என்னால் உறுதி தர முடியாது.

இப்படிக்கு,
இந்த முறை நிஜமாகவே வரும்
உன் அம்மா