ஈரத்தில் வெட்டிய முகம்

ஜூலை 7, திங்கள்

பொம்மைக் கூடத்தை நடத்துகிற வைஷாலி மேடம் நாலு மணிக்கு கல்பாக்கம் கிளம்பிய பிறகுதான் நான் உள்ளே போக முடியும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் பொம்மையைத் தொடக் கூடாது என்று வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிற அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அவளால் தனியாக முடிக்க முடிவதில்லை. நான் போனால்தான் ஆகிறது.

பொம்மைத் துணியே ஆட்டு முடியில் நெய்தது. மோஹேர் என்பார்கள். தைக்கும்போது தையலுக்குள் முடி மாட்டிக்கொள்ளும். அதை ஊசியால் நெம்பி எடுத்து, கம்பி பிரஷால் சீவ வேண்டும். அது என் வேலை. கத்தரி, அம்மாவோடு வேலை செய்கிற எல்லம்மா அத்தையுடையது. முகம் வெட்டுவது அவள் மட்டும்தான். "கத்தரிய தொட்ட, உன் ஜடைய வெட்டிடுவேன் டீ ரூத்து" என்பாள்.

இன்று மேசையில் ஒரு நாய். கல்பாக்கத்தில் சதாசிவம் என்பவருடைய நாய் செத்துவிட்டதாம். அவர் மனைவிக்கு ஞாபகம் சரியில்லை, நாயைத் தேடிக்கொண்டே இருக்கிறாராம். போட்டோவைப் பார்த்துச் செய்வது. அந்த நிறத்தில் வேறு துணி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுதவா வேண்டாமா? கணக்கு ரஃப் நோட்டை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

அத்தை ரேஷன் வாங்க சீக்கிரமே போய்விட்டாள். அம்மா உள்ளே பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை வெட்டி வைத்திருந்த நாய் முகத்தில் வலது புருவம் மட்டும் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. கொஞ்சம்தான். அப்பா திருக்கழுக்குன்றத்தில் சலூனில் வேலை செய்கிறார். முதலில் தண்ணீர் தெளிப்பார், அப்புறம்தான் கத்தரி. "தண்ணி தெளிச்சாதான் முடி சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். நானும் தெளித்தேன். சீவினேன். புருவத்தையும் கண்ணுக்குக் கீழேயும் நேராக வெட்டினேன். அழகாகத்தான் இருந்தது.

ஃபேன் காற்றில் காய்ந்ததும் முடி எழும்பிவிட்டது. படிப்படியாக நிற்கிறது. கண்ணுக்குக் கீழே அடித்துணியே வெள்ளையாகத் தெரிகிறது. அப்பா கடை என்றால் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். இது வளராதே!

சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9, புதன்

வயிற்று வலி என்று சொல்லி நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள். மேடம் நாயைக் காட்டிக் கேட்டாராம். அத்தை அதை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் ரொம்ப நேரம் பார்த்தாளாம். "நான்தான் மேடம் வெட்டியிருப்பேன். ஊசி கோக்கவே கஷ்டமா கீது கொஞ்ச நாளா, சொல்லாம இருந்துட்டேன்" என்றாளாம். இனி அவளுக்குக் கத்தரி கிடையாது, பஞ்சுதான்.

அப்பா தட்டைத் தள்ளினார். "வெட்றவங்களுக்கு கண்ணு போனா அப்பால இன்னா கீது?"

அம்மா என் பாவாடையில் ஒட்டியிருந்த பழுப்பு முடியை எடுத்துப் பார்த்தாள்.

ஜூலை 10, வியாழன்

அத்தை பஞ்சு மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ரூத்து, அந்தக் காலண்டர்ல கீழ சின்னதா இன்னா போட்டுகீது, படி."

"கிருத்திகைன்னு போட்ருக்கு அத்தே."

"எனக்கும் அதான தெரியுது. அப்புறம் எப்படிடீ அத அப்படி வெட்டினேன்?"

நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

ஜூலை 12, சனி

அம்மாவுக்குத் தெரியும். துணி துவைக்கும்போது என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "நீ வாயத் தொறக்காத. உன்ன யாரு உள்ள வுட்டான்னு கேட்டா என் வேலைதான் போவும். நாலு நாள் போனா எல்லாம் சரியாப் பூடும்."

திங்கட்கிழமை அத்தை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போகிறாள். அது சரியாகப் போவதா? சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் அத்தை. யாரைக் கேட்பது?

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் விட்டு வரும்போது தெருக்குழாயில் அத்தை குடம் வைத்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"அந்த நாய வெட்டினது நான்தான் அத்தே."

முதலில் அவள் கேட்டது ஒன்றுதான். "ஈரத்துலயா வெட்டின?"

தலையாட்டினேன். அறைந்தாள்.

"அஞ்சு நாளா ஒரு கண்ண மூடி ஒரு கண்ண மூடிப் பாத்துக்கினு கீறேன் டீ நானு! ராவெல்லாம் தூக்கம் இல்ல!" அப்புறம் மெதுவாக, "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

நான் குழாயைப் பார்த்தேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது. அம்மாவும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்காமலே போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

அத்தை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மேடத்திடம் போனாள்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வேலை போய் வீட்டில் இருந்தாள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் எழுந்து போனாள். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம்.

அப்பாதான் கத்தினார். "உன்ன யாரு டீ தண்ணி தெளிச்சி வெட்ட சொன்னது?" கேட்டவர் பாதியில் நிறுத்திவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 15, செவ்வாய்

அம்மா இன்றும் என்னிடம் பேசவில்லை.

ஜூலை 19, சனி

கூடத்தின் ஜன்னல் வழியே பார்த்தேன். அத்தை நாயின் வயிற்றிலிருந்து முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி, ஊசியில் கோத்து, கண்ணுக்குக் கீழே நட்டுக்கொண்டிருந்தாள். பாதி நிரம்பியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கூப்பிடவும் இல்லை, துரத்தவும் இல்லை. நானே வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

அம்மாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று முதல் நாள். விடிவதற்குள் பஸ் வந்துவிடும். நான் எழுந்து டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். பதினான்கு நாளாக இப்படித்தான், கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், பேச மாட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, திரும்பாமலே சொன்னாள்.

"கதவ உள்ள தாப்பா போட்டுக்கோ."

போட்டேன். பஸ் சத்தம் போகும்வரை தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.